போர்க்காலப் பிரித்தானியத் தாங்கிக் குழுவினர் எவ்வாறு பயிற்றப்பட்டனர்?

கேள்வி – வடமராட்சி வாசகன்

வணக்கம். இரண்டாம் உலகப் போர் பற்றி உயர்தர வகுப்பு மாணவர்களுக்காக ஓர் உரை தயாரித்து வருகிறேன். பலாலி விமானத்தளம் அந்தப் போர்க்காலத்தில் அமைக்கப்பட்டது என்பதால் வான்படை பற்றி இங்கு ஓரளவு பேச்சுண்டு. தாங்கிப் படை பற்றி எனக்கு வாசிக்கக் கிடைத்தவையோ பெரும்பாலும் தளபதிகளின் கதைகளாகவே இருக்கின்றன. கடையில் கணக்கெழுதிக் கொண்டிருந்த ஓர் இளைஞன் கட்டாய ஆட்சேர்ப்பில் எடுக்கப்பட்டால், அவனைத் தாங்கிக்குள் இருத்திப் போருக்கு அனுப்புமுன் என்னென்ன கற்பித்தார்கள்? ஒரு தாங்கியின் குழுவிலுள்ள ஐந்து பேருக்கும் எல்லா வேலையும் கற்பிக்கப்பட்டதா, ஆளுக்கொரு வேலை மட்டுமா?

மறுமொழி – கொக்குவில் மாஸ்டர்

தம்பி, முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 1939 ஏப்ரலில், பழைய தாங்கிப் படையும் குதிரைகளை விட்டு இயந்திரத்துக்கு மாறிய குதிரைப்படை ரெஜிமென்ட்களும் றோயல் ஆர்மர்ட் கோர் என்ற பெயரில் ஒன்றாக்கப்பட்டன. தெற்கு இங்கிலாந்திலுள்ள டோர்செட் மாவட்டத்தின் பொவிங்டனில் ஓட்டுதலும் பராமரிப்பும், அருகிலுள்ள லல்வேர்த்தில் பீரங்கிச் சூடும் கற்பிக்கப்பட்டன. எல்லோரும் அங்கேதான் பயின்றார்கள் என்று எழுதிவிட வேண்டாம். வடக்கே கற்றரிக் போன்ற முகாம்களிலும் பயிற்சி ரெஜிமென்ட்கள் இருந்தன.

1942 யூலையிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் முதல் ஆறு வாரங்கள் பொதுப் பயிற்சி பெற்றார்கள். அந்த வாரங்களிலேயே தகுதிச் சோதனைகளும் நடந்தன. அவற்றுள் ஒன்றில் சொற்களே இல்லை: வரிசையாக உள்ள உருவங்களில் விடுபட்டது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிப் படிப்பு குறைந்தவனும் இதில் தன் திறமையைக் காட்ட முடிந்தது என்பதால், அந்தப் படை செய்த நல்ல காரியங்களுள் இதை முன்னிடத்தில் வைப்பேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இரண்டுக்கும் நடுவில் உள்ளது. சாரதியும் வானொலியாளனும், சுடுபவனும் இயந்திரம் அறிந்தவனும் என்று ஒருவனுக்கு இரண்டு தொழில்களைச் சேர்த்துக் கற்பித்தார்கள். ஒருவன் காயப்பட்டால் அவன் இருக்கையில் மற்றொருவன் ஏறவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

மறுமொழி – காங்கேசன் மெக்கானிக்

மாஸ்டர் ஓட்டுதலை ஒரே சொல்லில் கடந்துவிட்டார். என் பார்வையில் அதுதான் பயிற்சியின் பெரும்பகுதி. லொறியில் தொடங்கிச் சிறிய கவச வாகனங்களுக்குப் போய், பிறகே தாங்கியைத் தொட விட்டார்கள். உழவு இயந்திரத்தில் ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் மிதித்துத் திருப்பிப் பழகியவருக்கு, ஒரு பக்கச் சங்கிலிப் பட்டையின் வேகத்தைக் குறைத்துத் திருப்புவது எளிதில் விளங்கும். ஆனால் அதை ஏறத்தாழ 40 தொன் எடையுள்ள சேர்ச்சில் தாங்கியில், ஒரு சிறு கண்ணாடித் துவாரத்தின் வழியே மட்டும் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும். ஓடிக் களைத்த பிறகும் பட்டையின் இறுக்கம், எண்ணெய், கிறீஸ் எல்லாவற்றையும் பார்த்து முடிக்காமல் சாப்பாட்டுக்குப் போக முடியாது.

1940இல் பிரான்சில் ஏறத்தாழ 700 தாங்கிகளை இழந்துவிட்டு வந்த பிரித்தானியாவில், பழகுவதற்கே தாங்கி இல்லாத நிலை ஏற்பட்டது. பிறகு 1,700க்கு மேல் கட்டப்பட்ட கவனன்ரர் தாங்கிகள் பெரும்பாலும் பயிற்சிக்கே பயன்பட்டன. எஞ்சின் பின்னாலும் றேடியேற்றர் முன்னாலும் இருந்ததால் அவை எளிதில் சூடேறிவிடும். அப்படி வடிவமைத்தவரை நான் என் வேலைத்தலத்துக்குள் விடமாட்டேன். ஆனாலும் பழுது பார்க்கப் பழக அதைவிடப் பொருத்தமான வண்டி கிடைத்திராது.

மறுமொழி – லண்டன் அளவெட்டியான்

மெக்கானிக் அண்ணை கோபிக்கக் கூடாது. ஐந்து தனியாட்களை ஒரு குழுவாக்கியது காதில் மாட்டிய ஹெட்போன்கள்தான். 19ஆம் இலக்க வானொலியில் மூன்று வழிகள் இருந்தன: தொலைவிலுள்ள ரெஜிமென்டுடன் பேச ஒன்று, பக்கத்துத் தாங்கிகளுடன் பேச ஒன்று, தன் குழுவினருடன் பேச ஒன்று. கட்டளையிடுபவர் ஆளியைத் தவறான பக்கம் வைத்துவிட்டால், சாரதிக்குப் போக வேண்டிய ஏச்சு ரெஜிமென்ட் முழுவதற்கும் கேட்கும்.

பீரங்கிக்குக் குண்டு ஏற்றுபவரே வானொலியையும் இயக்கினார். சூட்டுக் கட்டளையின் ஒழுங்கு மாறாதவாறு மனப்பாடம் செய்விக்கப்பட்டது: எந்த வகைக் குண்டு, எந்தப் பக்கம் திருப்புவது, எத்தனை யார் (கெஜம்) தூரம், இலக்கு என்ன, பிறகு “சுடு”. சுடுபவருக்குக் குறுகிய தொலைநோக்கிக்குள் தெரிவது வெளியுலகின் ஒரு துண்டு மட்டுமே என்பதால், இந்த ஒழுங்கு குலைந்தால் அவர் குருடர்.

கேள்வி – வடமராட்சி வாசகன்

மூவருக்கும் நன்றி. ஓடிக்கொண்டே சுடுவதற்கும் பழக்கினார்களா?

மறுமொழி – கொக்குவில் மாஸ்டர்

பழக்கினார்கள், பிறகு அதை மறக்கவும் பழக்க வேண்டியிருந்தது. 40 மில்லிமீற்றர் பீரங்கியைச் சுடுபவர் தோளால் ஏற்றி இறக்கி, ஓடும்போதே குறி பிடிப்பது போரின் தொடக்கத்தில் பெருமைக்குரிய திறமையாக இருந்தது. அதற்காகவே லல்வேர்த்தில் ஆடியசையும் மேடையின் மேல் தாங்கியின் சுழலும் பீரங்கிக் கோபுரத்தைப் பொருத்தியும் பயிற்றினார்கள். வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் தொலைவிலிருந்து ஜேர்மன் தாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் சுட்டபோது இந்தத் திறமை உதவவில்லை. நின்று, தாங்கியின் உடலை மறைவில் வைத்து, சுட்டுவிட்டு நகர்வதே கைகொடுத்தது. பீரங்கி கனமானபோது தோளால் தாங்குவதும் இயலாமற் போனது.

சூட்டுத் தளத்துக்கு நிலம் போதாமல் 1943 டிசெம்பரில் லல்வேர்த்துக்கு அருகிலிருந்த ரைனம் கிராமத்தவரை வெளியேற்றினார்கள். போர் முடிந்த பின்னரும் அவர்கள் ஊர் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. நம்மூர் மாணவருக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. உரையில் ஒரு வரியாவது சேருங்கள்.