ரிவர்ஸ் கரகரங்குது

கார்த்தி: செல்வம் அண்ணா, கிளட்ச் டிஸ்கை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டை ஹெவியா மாத்தினதுல இருந்து ரிவர்ஸ் போட்டா கரகரங்குது. தரை வரைக்கும் மிதிச்சாலும் கிளட்ச் முழுசா விடல. பெடல்ல இருந்து மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளுற ராடை நீட்டிடவா?

செல்வம்: இருடா. முதல்ல பெடலை நாலஞ்சு தடவை வேகமா பம்ப் பண்ணிட்டு ரிவர்ஸ் போடு. சத்தமில்லாம விழுந்தா லைன்ல காத்து, இல்ல மாஸ்டர் சீல் போயிருக்கு. அதுக்கு ராடைத் திருப்பி பிரயோஜனமில்ல.

மணி மாமா: ராடைப் பெடலோட சேக்கிற கிளெவிஸ் பின்னையும் ஆட்டிப் பாரு. அங்க 1 மி.மீ தேஞ்சா கால்ல அஞ்சாறு மி.மீ வீணாப் போகும்.

கார்த்தி: பம்ப் பண்ணாலும் அதே சத்தம்தான். பின் புதுசு மாமா.

செல்வம்: சரி, லாக் நட்டைத் தளர்த்தி அரை அரைச் சுத்தா திருப்பு. ஒவ்வொரு தடவையும் பெடலைக் கையால அமுக்கு. ராட் பிஸ்டனைத் தொடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் லூசு இருக்கணும், ராட் முனையில சுமார் 1 மி.மீ. உன் வண்டி மேனுவல் வேற அளவு சொன்னா அதுதான் கணக்கு.

கார்த்தி: அந்த லூசையும் எடுத்துட்டா இன்னும் டிராவல் கிடைக்குமே?

செல்வம்: கிடைக்கும், கிளட்ச் கருகும் 😄 பிஸ்டன் முழுசா பின்னாடி வரலைன்னா ஃப்ளூயிட் டப்பாவுக்கு, அதான் ரிசர்வாயருக்குப் போற ஓட்டை மூடியே கிடக்கும். சூட்டுல ஃப்ளூயிட் விரிஞ்சு, போக வழியில்லாம, கிளட்சை விடுவிக்கிற ஃபோர்க்கைத் தள்ளும். ஸ்டார்ட் பண்ணப்ப நல்லா இருக்கும், சூடானதும் ஸ்லிப்.

பிரியா அக்கா: டேய், பெடல் மேல வந்து நிக்கிற ஸ்டாப் போல்ட்டையும் பாரு. சில வண்டில அந்த இடத்துல கிளட்ச் சுவிட்ச் இருக்கும். முதல்ல அதை செட் பண்ணு, அப்புறம்தான் ராடு. இல்லைன்னா ரெண்டு வேலை.

செல்வம்: லூசு சரியா இருந்தும் விடலைன்னா ராடை விட்டுடு. ஒருத்தர் மிதிக்க, கியர்பாக்ஸ் பக்கம் ஃபோர்க்கைத் தள்ளுற ஸ்லேவ் சிலிண்டர் ராட் எவ்வளவு நகருதுன்னு அளந்து பாரு. அது குறைவா இருந்தா சிலிண்டர் சைஸ் ஒத்துப்போகல, இல்ல ஹோஸ் உப்புது. போதுமான அளவு நகர்ந்தா கியர்பாக்ஸை இறக்கி ஃபோர்க் பிவட்டைப் பாக்கணும்.

மணி மாமா: அதிகமா மிதிபட்டாலும் ஆபத்துதான், பிரஷர் பிளேட்டோட டயஃப்ரம் ஸ்பிரிங் விரல் வளைஞ்சிடும். எஞ்சின் ஆஃப், கியர்ல போட்டு, டிரைவ் சக்கரம் ஒண்ணை மட்டும் ஸ்டாண்டுல தூக்கு. ஹேண்ட்பிரேக் அந்தச் சக்கரத்தைப் பிடிச்சா எடுத்துடு, மத்த சக்கரத்துக்கு முட்டு வை. ஒருத்தர் மெதுவா மிதிக்க மிதிக்க, இன்னொருத்தர் தூக்கின சக்கரத்தைக் கையால திருப்பிப் பாக்கணும். சக்கரம் எங்க சுத்த ஆரம்பிக்குதோ, அதுக்குக் கொஞ்சம் கீழ பெடலைத் தடுக்கிற கீழ் ஸ்டாப்.

கார்த்தி: என்னுது எல்.எஸ்.டி. மாமா, ரெண்டு சக்கரமும் தனித்தனியா சுத்துறதைக் கட்டுப்படுத்துற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்.

மணி மாமா: அப்ப ரெண்டையும் தூக்கணும், ஒண்ணு தரையில இருந்தா சுத்தாது. சாதா டிஃபரன்ஷியல்ல ரெண்டையும் தூக்கினா ஒண்ணு எதிர்ப்பக்கம் சுத்தி ஏமாத்தும்.

பிரியா அக்கா: லாக் நட் டைட் பண்றப்ப ராடும் கூடவே திரும்பும். இன்னொரு ஸ்பேனரால பிடிச்சுக்க, முடிச்சதும் லூசை மறுபடி அள.