ஆள் இல்லையா, மனம் இல்லையா? தமிழர் செய்தி ஏன் அச்சில் வருவதில்லை

செட்ஸ்வர்த் டீச்சர்:
நேற்று மெரிபேங்க் மாமா இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. பத்திரிகை யாரையும் ஒதுக்குவதில்லையாம். தமிழர் செய்தி வரவில்லை என்றால் தமிழர் ஒழுங்காக எழுதி அனுப்பவில்லையாம். அதற்குச் சாட்சியாகக் காந்தி இங்கே தென்னாப்பிரிக்காவில் நடத்திய இந்தியன் ஒப்பீனியன் தாளை வேறு இழுக்கிறார். 1906-ல் அதில் தமிழ்ப் பகுதி நின்றதே அச்செழுத்துக் கோர்க்க ஆள் இல்லாததால்தான், வேறு காரணமே கிடையாது என்கிறார்.

நான் அனுப்பினேன் மாமா. கோயில் ஹாலில் சனிக்கிழமை தோறும் 22 வருடம் நடந்த தமிழ் வகுப்பை மூடினோம். அந்தச் செய்தியை எங்கள் ஊர் வாரத் தாளுக்கு ஈமெயிலில் ஒரு தடவை அனுப்பினேன். போட்டோவோடு இன்னொரு தடவை. மூன்றாம் தடவை நானே பஸ் ஏறிப் போய்க் கவுண்டரில் கொடுத்தேன். அந்த வாரம் அந்தத் தாளில் ஒரு நகைக்கடைத் திறப்பு விழாவுக்கு முழுப் பக்கம், பதினொரு போட்டோ. எங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. இதுவும் ஆள் இல்லாததாலா?

மெரிபேங்க் மாமா:
டீச்சர், கோபம் வேண்டாம். 31 வருடம் டர்பன் தாள்களில் செய்தி திருத்தும் மேசையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

செய்தியை யாரும் முதலில் தேர்ந்தெடுப்பதில்லை. முதலில் வருவது விளம்பரம். விளம்பரப் பிரிவு பக்க மாதிரியைக் கொண்டுவந்து மேசையில் போடும். இந்தக் கட்டம் மரச்சாமான் கடை, அந்தக் கட்டம் கார், அடியில் அரைப் பக்கம் சூப்பர்மார்க்கெட். மிச்சம் இருக்கிற வெள்ளையில்தான் உலகம் முழுக்க நடந்தது அத்தனையும் நுழைய வேண்டும். அதில் கோர்ட்டுக்கு ஒரு இடம், சாவுக்கு ஒரு இடம், கிரிக்கெட்டுக்கு ஒரு இடம். வார இதழ் என்றால் செவ்வாய்க்கிழமை வந்த செய்திக்கு இடம் உண்டு, வியாழக்கிழமை வந்ததற்கு இல்லை. நீளமாக இருந்தால் அடியிலிருந்து வெட்டுவோம். அதனால்தான் முக்கியமானதை முதல் வரியில் வை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது.

நீங்கள் அனுப்பிய கடிதத்தை இங்கே போடுங்கள். ஏன் வரவில்லை என்று ஒரு நிமிஷத்தில் சொல்கிறேன்.

1906 விஷயத்திலும் நான் சொன்னது சொன்னதுதான். ஆள் இல்லை. காந்தியே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

செட்ஸ்வர்த் டீச்சர்:
போடுகிறேன். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

"அம்மன் அருளால் 22 ஆண்டுகளாக நடைபெற்று வந்த எங்கள் தமிழ் வகுப்பின் நிறைவு விழா சென்ற சனிக்கிழமை இனிதே நடைபெற்றது. கடவுள் வாழ்த்தை மாணவிகள் பாடினர். விழாக் குழுவினர்…" இதற்குப் பின் பதினான்கு பேர். கடைசியில், "மாணவர் எண்ணிக்கை ஆறாகக் குறைந்ததால் வகுப்பு இத்துடன் நிறுத்தப்படுகிறது."

மெரிபேங்க் மாமா:
பார்த்தீர்களா? வகுப்பு செத்தது கடைசி வரியில் இருக்கிறது! மேலே கடவுள் வாழ்த்து, நடுவில் பதினான்கு பெயர். மேசையில் இருப்பவன் மூன்று வரி படித்துவிட்டு இது இன்னொரு ஆண்டு விழா என்று தள்ளிவிடுவான். நானாக இருந்தாலும் தள்ளியிருப்பேன். "செட்ஸ்வர்த்தில் 22 வருடத் தமிழ் வகுப்பு மூடப்பட்டது, மிஞ்சிய மாணவர் ஆறு பேர்" என்று தொடங்கியிருந்தால் மூன்றாம் பக்கத்தில் வந்திருக்கும்.

செட்ஸ்வர்த் டீச்சர்:
அந்தப் பதினான்கு பேர்தான் 22 வருடம் ஹாலைப் பெருக்கினார்கள், நாற்காலி போட்டார்கள், பிள்ளைகளுக்கு டீ ஊற்றினார்கள். அவர்கள் பெயரை நான் அடியில் போட மாட்டேன். நகைக்கடைக்காரர் மாமனார் பெயரும் மச்சான் பெயரும் வந்ததே, அதை எந்த மேசை வெட்டியது?

வெருலம் பேரன்:
மாமா, உங்கள் மேசைக் கதை இருக்கட்டும். 1906-க்கு வாருங்கள்.

ஆள் இல்லை என்கிறீர்கள். 1908-ல் அதே டர்பனில் பி. எஸ். ஐயர் ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் தொடங்கினார். அதில் தமிழும் இருந்தது. 1906-ல் இல்லாத ஆள் 1908-ல் எங்கிருந்து முளைத்தான்? கப்பலில் வந்தானா, மரத்தில் காய்த்தானா?

மெரிபேங்க் மாமா:
1906 வேறு, 1908 வேறு. இந்தியன் ஒப்பீனியன் 1903 ஜூனில் டர்பன் கிரே தெருவில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழியில் தொடங்கியது. 1904 கடைசியில் அச்சகத்தையே 14 மைல் தள்ளி பீனிக்ஸ் பண்ணைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போய்க் குடியிருந்து, மண்வெட்டியும் பிடித்து, தமிழும் எழுதி, அச்சும் கோர்க்க வேண்டும். அதற்குத் தமிழ் எழுதுபவர் யாரும் வரவில்லை. தமிழ் அச்சு என்றால் சும்மாவா? ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நமக்கு உயிர்மெய் வரிசை முழுக்கப் பெட்டி பெட்டியாக வேண்டும், எந்தப் பெட்டியில் எது என்று கை அறிந்திருக்க வேண்டும். கோர்த்ததைச் சரிபார்க்கத் தமிழ் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். யாரும் சரிபார்க்காத பக்கத்தை அச்சிடுவது வாசகனை ஏமாற்றுவது என்று காந்தி நினைத்தார், நிறுத்தினார். ஆள் இல்லை.

வெருலம் பேரன்:
பண்ணைக்கு வர ஆள் இல்லை என்பதும் ஆளே இல்லை என்பதும் ஒன்றா? டர்பனில் இருந்தார்கள். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து இந்த மண்ணில் தமிழன் இருக்கிறான். குஜராத்திப் பகுதி ஏன் நிற்கவில்லை? சந்தா கட்டியது யார், விளம்பரம் கொடுத்தது யார்? கடைக்காரர்கள். கடை லைசென்ஸ் சங்கதி அவர்களுக்கு வேண்டும். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடித்தவன் தலையில் விழுந்த மூன்று பவுண்டு வரி அவர்களுக்கு எதற்கு? அந்த வரி கட்டியவன் மொழிதான் நின்றது.

காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போய் 1909-ல் செத்தவர் நாகப்பன். 1910-ல் செத்தவர் நாராயணசாமி. அந்த வருடங்களில் அந்தத் தாளில் தமிழ்ப் பகுதி இல்லை. சிறைக்குத் தமிழன், அச்சுக்குக் குஜராத்தி. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மெரிபேங்க் மாமா:
விளம்பரத்துக்குப் பயந்த மனுஷன் 1912-ல் விளம்பரமே வேண்டாம் என்று நிறுத்துவாரா? தன் சம்பாத்தியத்தைக் கொட்டி அந்தத் தாளை நடத்தியவர். கடைக்காரருக்காக நடத்தினார் என்று சொல்ல உங்களுக்கு நாக்கு கூசவில்லை. ஆள் இல்லை என்றால் இல்லை.

வெருலம் பேரன்:
1912-ல் நிறுத்தினார். நான் கேட்பது 1906.

மெரிபேங்க் மாமா:
நீங்கள் 1908-ஐக் கொண்டுவரலாம், நான் 1912-ஐக் கொண்டுவரக் கூடாதா?

ஜோபர்க் மதுரைக்காரன்:
வணக்கம். நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எந்தச் செய்தி அச்சேறுகிறது என்பதைப் பற்றி ஆராய்ச்சியே இருக்கிறது. அமெரிக்காவில் டேவிட் மானிங் வைட் என்பவர் ஒரு சின்ன ஊர்த் தாளின் தந்திச் செய்தி ஆசிரியர் ஒரு வாரம் செய்த தேர்வுகளை ஆராய்ந்து 1950-ல் வெளியிட்டார். வந்து குவிந்ததில் பத்தில் ஒரு பங்குதான் அச்சேறியது. தள்ளிய ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி வைக்கச் சொன்னார். இடமில்லை என்பது நிறைய. பிரச்சாரம், சுவாரஸ்யமில்லை என்பன போல அவருடைய சொந்த அபிப்பிராயமும் நிறைய. அதனால் மாமா சொல்வதும் உண்மை, டீச்சர் சொல்வதும் உண்மை. இடம் குறைவுதான். ஆனால் அந்தக் குறைந்த இடத்தில் யாரை ஏற்றுவது என்பது ஒரு மனிதனுடைய மனம்.

மாமா, ஒரு சிறு திருத்தம். நேற்றைய பதிவில் 'ஒதுக்குவதில்லை' என்பதை 'ஒதுக்குவதிள்ளை' என்று எழுதியிருந்தீர்கள். லகரம்.

மெரிபேங்க் மாமா:
தம்பி, நீங்கள் எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?

ஜோபர்க் மதுரைக்காரன்:
2014-ல். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மெரிபேங்க் மாமா:
சம்பந்தம் உண்டு. எங்கள் பாட்டன் கரும்புக் காட்டிலிருந்து வந்து ராத்திரி அரிக்கன் விளக்கில் பிள்ளைகளுக்கு மண்ணில் எழுத்துக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தமிழ் கிடையாது. ஐந்து தலைமுறை கழித்து நான் இந்த எழுத்தில் எழுதுகிறேன். அதில் உங்களுக்கு லகரம்தான் கண்ணில் பட்டதா? தமிழ்நாட்டில் பத்திரிகை படித்து வளர்ந்தவருக்கு இது புரியாது.

ஜோபர்க் மதுரைக்காரன்:
மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. மேசையில் உட்கார்ந்து மற்றவர் கடிதத்தில் குறை கண்டவர், தன் எழுத்தில் ஒரு குறை சொன்னதும் பாட்டனைக் கூப்பிடுகிறார். டீச்சருக்கும் ஒரு பாட்டன் இருந்திருப்பார்.

செட்ஸ்வர்த் டீச்சர்:
இருந்தார். அவரும் ட்ரூரோ காலத்து வம்சம்தான். நன்றி தம்பி. ஆனால் மாமாவின் எழுத்தைத் திருத்தாதீர்கள். அதைத் திருத்தத்தான் நான் 22 வருடம் வகுப்பு எடுத்தேன். இங்கே வேண்டாம்.

போர்ட் லூயி:
மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் ஆறு வரிச் செய்திக்குக் கெஞ்சுகிறீர்கள். 1998-ல் எங்கள் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கினார்கள். அதுவரை ஆங்கிலம், தமிழ், இந்தி என்றிருந்த வரிசை. எங்கள் ஆட்கள் தெருவில் இறங்கினார்கள். நோட்டையே திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் எங்களிடம் முதல் வரியில் என்ன போட்டீர்கள் என்று கேட்கவில்லை. கூட்டம் கூடினால் செய்தி தானாக வரும். நாங்கள் வரிசையைக் கூட விடவில்லை. நீங்கள் மொழியையே விட்டுவிட்டீர்கள்.

செட்ஸ்வர்த் டீச்சர்:
விட்டுவிட்டோம் என்று சொல்லாதீர்கள். பிடுங்கினார்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950 சட்டத்தின்படி வீடு வீடாகக் கிளப்பி எங்களைச் செட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். கோயிலை விட்டு, தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டு, பக்கத்து வீட்டை விட்டு வந்தோம். உங்கள் நாட்டில் காவடிக்குப் பொது விடுமுறை. எங்களுக்கு அதுவும் இல்லை.

மெரிபேங்க் மாமா:
போர்ட் லூயிக்காரர் நோட்டுக் கதையைத் தன் ஊரில் சொல்லட்டும். இங்கே கூட்டம் கூடியதைச் செய்தியாகப் போட்டதற்கே தாள்களை மூடிய காலம் உண்டு. 1977 அக்டோபர் 19-ல் 'த வேர்ல்ட்' தாளைத் தடை செய்து அதன் ஆசிரியர் பெர்சி கொபோசாவைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அன்று நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். அதற்கப்புறம் வக்கீல் பார்க்காமல் போலீஸ் பற்றிய ஒரு வரி அச்சுக்குப் போகாது. எது வரலாம், எது கூடாது என்று எங்களுக்குத் தோன்றுவதற்கு முன்பே சட்டம் முடிவு செய்திருந்தது. அந்தப் பயத்தோடு தாள் போட்டவர்களைப் பார்த்து மனம் இல்லை என்கிறீர்கள்.

வெருலம் பேரன்:
பயம் எல்லாருக்கும் இருந்தது. ஆனால் அந்தக் காலத்து ஞாயிறு தாள்களில் இந்தியருக்கென்று தனியாக 'எக்ஸ்ட்ரா' பக்கங்கள் போட்டார்களே, அதை எந்தச் சட்டம் போடச் சொன்னது? நம் கல்யாணம், நம் கோயில், நம் வெள்ளம் எல்லாம் அந்தப் பக்கத்தில். வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போன பிரதியில் அந்தப் பக்கமே இராது. நம் கதை நமக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று வைத்தார்கள். மாமா, நீங்கள் எந்தப் பக்கத்தில் வேலை பார்த்தீர்கள்?

மெரிபேங்க் மாமா:
எக்ஸ்ட்ராவில்தான். ஏழு வருடம். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அந்தப் பக்கம் இருந்ததால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கிடைத்தது. காவடி போட்டோவை அரைப் பக்கத்துக்கு வைத்தவன் நான். புரட்டாசி விரதம் என்றால் என்ன என்று தலைமை ஆசிரியருக்கு விளக்கியவன் நான். நான் அந்த மேசையில் இருந்ததால் அந்தப் படம் வந்தது, இல்லாவிட்டால் வந்திராது.

வெருலம் பேரன்:
ஆக, மேசையில் யார் இருக்கிறார் என்பதுதான் விஷயம். இதைத்தான் டீச்சர் முதலிலிருந்து சொல்கிறார்.

மெரிபேங்க் மாமா:
இல்லை. இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். ஆள் இருந்தால் வரும், ஆள் இல்லை என்றால் வராது. 1906-ல் ஆள் இல்லை.

வெருலம் பேரன்:
1908-ல் இருந்தார்களே!

மெரிபேங்க் மாமா:
ஐயர் சென்னையிலிருந்து வந்த பத்திரிகைக்காரர். அவருக்கு அது தொழில். 1898-லேயே ஒரு தாள் நடத்திப் பார்த்தவர். பின்னால் காந்தியோடு சண்டை போட்டவர் வேறு. அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

வெருலம் பேரன்:
மூன்று பவுண்டு வரிக்காக இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்றுதான் சண்டை போட்டார். 1898-லேயே இங்கே தாள் நடத்தத் தெரிந்த ஒரு தமிழர் இருந்தார் என்று இப்போது நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

மெரிபேங்க் மாமா:
தாள் நடத்தத் தெரிந்தவர் வேறு, பீனிக்ஸில் குடியிருந்து எழுத்துக் கோர்ப்பவர் வேறு. எத்தனை தடவை சொல்வது?

செட்ஸ்வர்த் டீச்சர்:
நீங்கள் இரண்டு பேரும் 1906-லேயே இருங்கள். எங்கள் ஹாலில் கரும்பலகையைக் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது சாப்பாட்டு மேஜை. நான்காம் தடவையும் அந்தத் தாளுக்கு எழுதப் போகிறேன். பதினான்கு பெயரும் மேலேயே இருக்கும்.

மெரிபேங்க் மாமா:
மேலே இருந்தால் வராது, டீச்சர். செவ்வாய்க்கிழமைக்கு முன் அனுப்புங்கள். ஆறு மாணவர்களின் போட்டோவையும் வையுங்கள்.

வெருலம் தம்பி, கிரே தெருவில் தமிழ் கோர்த்தவர்களில் எத்தனை பேர் பண்ணைக்குப் போனார்கள் என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் பேசலாம்.

வெருலம் பேரன்:
ஐயருக்குக் கோர்த்தது யார் என்று நீங்கள் சொல்லுங்கள். நான் சொல்கிறேன்.