லாங்டாங் போய் வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அக்டோபர் கடைசியில் அம்மாவும் நானும் வழிகாட்டியோடு நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறோம். அம்மா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

என் கவலை இரண்டாம் நாளைப் பற்றித்தான். லாமா ஹோட்டல் என்ற சிற்றூரிலிருந்து லாங்டாங் கிராமத்துக்கு ஒரே நாளில் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஏற்றம். 3,000 மீட்டருக்கு மேலே, மலை உயரத்தால் உடம்புக்கு முடியாமல் போகாதிருக்க, இரவு தங்கும் உயரத்தைத் தினம் 500 மீட்டருக்குள் கூட்டுவதுதான் நல்லது என்கிறார்கள். அதனால் நடுவில் கோடா தபேலாவில் ஓர் இரவு தங்கக் கேட்டிருக்கிறேன். அங்கே அறை கிடைக்குமா?

ரத்த அழுத்த மாத்திரையோடு, உயர நோயைத் தடுக்க எடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரையும் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? மருத்துவரையும் பார்க்கிறோம், என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அப்புறம், பள்ளத்தாக்கில் இன்னும் மேலே இருக்கும் கியாஞ்சின் கோம்பா ஊரில் இரவுக் குளிருக்கு விடுதிப் போர்வை போதுமா, தூக்கப்பையும் வேண்டுமா?