செவலையின் வலது பின்னங்கால்

தம்பி, காலை 6.10
நம் செவலைப் பசு நேற்று மாலையிலிருந்து வலது பின்னங்காலைச் சரியாக ஊன்றவில்லை. இன்று கறவைக்கு எழுப்பியபோது முதுகை வளைத்துக்கொண்டு, குளம்பின் நுனி மட்டும் தரையில் படும்படி நின்றது. பாலும் பாதியாகக் குறைந்துவிட்டது.

சித்தி, 6.14
கோமாரியாகத்தான் இருக்கும். பக்கத்துத் தொழுவத்திலும் வந்திருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள்.

மாமா, 6.15
வாயைப் பார்த்தாயா?

தம்பி, 6.19
பார்த்தேன் மாமா. நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் இல்லை, எச்சிலும் ஒழுகவில்லை. மற்ற மூன்று மாடுகளும் நன்றாகவே இருக்கின்றன.

அக்கா, 6.31
சித்தி கேட்டதில் தவறில்லை. சந்தேகம் தீரும்வரை செவலையைத் தனியே கட்டுவதுதான் நல்லது. ஆனால் கோமாரி என்றால் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வரும், பெரும்பாலும் ஒரு மாட்டோடு நிற்காது. ஒரே காலில் மட்டும் திடீரென நொண்டினால் முதலில் குளம்பைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் பின்னங்காலின் வெளிக்குளம்பைப் பார்க்க வேண்டும், ஏனெனில் நடக்கும்போது அதிகப் பாரம் அதன்மேல்தான் இறங்குகிறது. தம்பி, காலைத் தூக்கிக் கட்டி, சாணத்தை நன்றாகக் கழுவிவிட்டு, இரண்டு குளம்புகளுக்கும் இடையிலுள்ள தோலை முகர்ந்து பார். அங்கே வீக்கமும் அழுகல் நாற்றமும் இருந்தால் அது குளம்பிடுக்கு அழுகல். அதற்கு மருத்துவர் ஊசி போட வேண்டும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் அடிக்குளம்பைப் பார்.

பெரியப்பா, 6.40
இதற்கெல்லாம் காய்ச்சிய எண்ணெயை ஊற்றினால் மூன்று நாளில் ஆறிவிடும். நாங்கள் அப்படித்தான் பார்த்துக்கொண்டோம்.

அக்கா, 6.48
மன்னியுங்கள் பெரியப்பா, மயிலை மாட்டுக்கு அப்படிச் செய்ததை நான் மறக்கவில்லை. குளம்பின் ஓட்டுக்கு அடியில் இருக்கும் உயிர்த்தசைதான் புது ஓட்டை வளர்க்கிறது, அது வெந்துபோனால் குளம்பு எங்கிருந்து வளரும்? மயிலை அதற்குப் பிறகு ஒழுங்காக நடக்கவே இல்லை.

மாமா, 6.50
பழைய கதை வேண்டாம். கால் என்ன ஆயிற்று?

தம்பி, 7.25
கழுவிப் பார்த்தேன். இடுக்கில் நாற்றம் இல்லை. வெளிக்குளம்பின் சுவரும் அடிப்பகுதியும் சேரும் வெளிர்நிறக் கோட்டில், குதிகாலை ஒட்டி, கடுகளவு கறுப்புப் புள்ளி இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினேன், காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. கத்தியால் சுரண்டிப் பார்க்கட்டுமா?

அக்கா, 7.27
வேண்டாம். நீ கண்டுபிடித்ததே போதும், மருத்துவரை அழை. ஓட்டுக்குள் இன்னும் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது, உயிர்த்தசையில் கத்தி பட்டால் இரத்தம் வரும், புண்ணும் பெரிதாகும். அந்தக் கோடுதான் குளம்பிலேயே மெத்தென்ற இடம். ஈரத்தில் ஊறினால் இன்னும் இளகும், சிறு கல் ஏறும், உள்ளே சீழ் பிடிக்கும். வெளியேற வழியில்லாத சீழ் உள்ளே அழுத்துவதால்தான் அது காலை ஊன்ற மறுக்கிறது.

சித்தி, 7.30
மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்துக் காலை நனைக்கலாமா?

அக்கா, 7.36
அது தோலில் வரும் தொற்றுக்கு உதவும் சித்தி. 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ கரைத்து, கழுவிய கால்களை அதில் நடத்த வேண்டும், மாடு அதைக் குடிக்கவும் கூடாது. ஓட்டுக்குள் இருக்கும் சீழை அது எட்டாது.

தம்பி, பகல் 12.50
மருத்துவர் வந்து பார்த்தார். புள்ளியைத் தொடர்ந்து மெல்ல மெல்லச் சீவினார். சாம்பல் நிறத்தில் சீழ் பீய்ச்சியடித்தது, நாற்றம் தாங்கவில்லை. பிரிந்திருந்த ஓட்டை வெட்டி எடுத்துவிட்டு, நன்றாக இருந்த உட்குளம்பின் அடியில் மரக்கட்டை ஒன்றை ஒட்டினார். இப்போது பாரம் கட்டையில் இறங்குவதால் புண் தரையில் படவில்லை. வலிக்கு மட்டும் ஊசி போட்டார். அவிழ்த்துவிட்டதும் நான்கு காலிலும் நடந்து தொட்டிக்குப் போனது அக்கா.

அக்கா, 12.53
கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. கட்டை சில வாரங்கள் இருக்கட்டும். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான் வளரும், அவசரப்படாதே. எந்த ஊசியானாலும் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்.

நான், 12.58
இனி வராமல் இருக்க என்ன செய்வது? தொட்டியடியில் எப்போதும் தண்ணீர் தேங்குகிறதே.

அக்கா, 1.05
அதுதான் வேர். வருடத்துக்கு இரண்டு முறை குளம்பைச் சீவிச் சமன்செய்ய வேண்டும், மாடு படுக்க உலர்ந்த இடம் வேண்டும். அந்தச் சிமெண்டுத் தரையைப் போடும்போதே அப்பா வேண்டாம் என்றார்.

பெரியப்பா, 1.09
தரையைப் போட்டது நான்தான். எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருங்கள்.

மாமா, 1.10
யாரும் உங்களைச் சொல்லவில்லை. படுக்கும் பக்கத்துக்கு மட்டும் ரப்பர் விரிப்புப் போடலாம்.

சித்தி, 1.12
ஈரமானால் விரிப்பும் வழுக்கும்.

பெரியப்பா, 1.31
ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன். அதுவரை தரையில் யாரும் கை வைக்க வேண்டாம்.

தம்பி, 1.33
சரி பெரியப்பா. தொட்டிக் குழாயின் கசிவை மட்டும் இன்றே அடைத்துவிடுகிறேன்.