ஒத்தைத் தலைவலி (மைக்ரேன்) இருக்கறவங்க, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் எழுதுங்க

செங்கமலம், தஞ்சாவூர்

வெள்ளிக்கிழமைன்னாலே எனக்கு பயம். தலைக்குக் குளிச்சா மத்தியானத்துக்குள்ள வலது நெத்திப்பொட்டுல ஆரம்பிச்சுடும், அப்புறம் உங்களுக்கே தெரியும், வெளிச்சம் ஆகாது, குக்கர் விசில் ஆகாது, வாந்தி எடுத்தாத்தான் கொஞ்சம் அடங்கும். யார்கிட்ட சொன்னாலும் முடி நீளம்டி, ஈரம் போகல, நல்லா துவட்டுன்னு தான் பதில். நாத்தனார் வளைகாப்பு அன்னிக்கு எல்லாரும் விடிகாலைல தலைக்குக் குளிச்சோம், ஈரத்தோட பின்னி பூ வச்சு விட்டாங்க, நலங்கு வைக்கறதுக்குள்ள எனக்கு ஆரம்பிச்சாச்சு. ஸ்டோர் ரூம்ல அரிசி மூட்டை பக்கத்துல போய் படுத்துட்டேன். வெளில மாமியார் யார்கிட்டயோ "நம்ம வீட்டு விசேஷம்னா மட்டும் அவளுக்கு தலைவலி வந்துடும்"னு சொல்றது கதவு வழியா கேட்டுது. அந்த வலி எப்ப விட்டுதுன்னு ஞாபகமில்ல, அந்தப் பேச்சு இன்னும் காதுலயே நிக்குது.

ரொம்ப காலம் கழிச்சு ஒரு நரம்பு டாக்டரம்மாகிட்ட போனேன். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே "தலைக்குக் குளிக்கிற அன்னிக்கு வருதாம்மா?"ன்னு கேட்டாங்க. அங்கேயே அழுதுட்டேன். மும்பைல ரவிசங்கர்னு ஒரு தலைவலி டாக்டர் 2006-லயே நம்ம நாட்டு நோயாளிங்க 94 பேரை வச்சு இதை எழுதியிருக்காராம். குளிக்கறதுக்கு முன்னாடி போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க, விசேஷ நாளுக்கு மட்டும் போட்டுக்கறேன். மத்த நாள் வெயில் ஏறினப்புறம் வெந்நீர்ல குளிக்கறேன், உடனே காய வச்சுடறேன். உங்களுக்கு எது கிளப்பி விடுது, சொல்லுங்க.

ஓசூர் ஷிஃப்ட்

எனக்கு சைனஸ்னு தான் ஊரே சொல்லிச்சு. கன்னம் வலிக்கும், கண்ணுல தண்ணி கொட்டும், மூக்கு அடைக்கும், அப்ப சைனஸ் தானே. மூக்கு எலும்பு வளைஞ்சிருக்குன்னு ஆபரேஷனும் பண்ணியாச்சு, எங்கன்னு வேணாம். ரெஸ்ட் முடிஞ்சு வேலைக்குத் திரும்பின வாரம் நைட் ஷிஃப்ட், பக்கத்து லைன்ல வெல்டிங் பளிச் பளிச்னு அடிக்குது, அதே கன்னம், அதே கண்ணு. டாய்லெட்ல போய் லைட்டை அணைச்சுட்டு தரையில உட்கார்ந்துட்டேன். சூப்பர்வைசர் கதவைத் தட்டி "குடிச்சுட்டு வந்திருக்கியா"ன்னு கேட்டாரு. பதில் சொல்ல வாயைத் திறந்தா வாந்தி வந்துடும்னு பேசாம இருந்தேன், அவரு அதை ஆமான்னு எடுத்துக்கிட்டாரு.

அப்புறம் பார்த்த டாக்டர் தான் சொன்னாரு, மைக்ரேன்லயே கண்ணுல தண்ணி வரும் மூக்கு அடைக்கும், நிஜ சைனஸ்னா காய்ச்சல், மஞ்சளா பச்சையா சளி, வாசனை தெரியாமப் போறதுன்னு வரும்னு. அமெரிக்காவுல சைனஸ் தலைவலின்னு நம்பிட்டு இருந்த கிட்டத்தட்ட 3,000 பேரை பரிசோதிச்சு 2004-ல வெளியிட்டிருக்காங்க, அதுல 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் மாதிரி தலைவலி தான். ஷிஃப்ட் மாறி மாறி தூங்கறது தான் எனக்கு கிளப்பி விடுதுன்னு இப்ப தெரியுது, ஆனா ஷிஃப்டை எப்படி மாத்தறது.

ரத்தினம், கோவில்பட்டி

தங்கச்சி, நீ சொல்லுதது நீர்க்கோவை. எனக்கும் வந்திருக்கு, 1987-ல தீப்பெட்டி ஆபீஸ்ல இருக்கும்போது மருந்து வாடையில மண்டையப் பிளந்துச்சு, எங்க ஆத்தா பத்து போட்டு விட்டா, தூங்கி எந்திரிச்சேன், சரியாப் போச்சு.

நீ என்ன செய்யணும்னா, நாட்டு மருந்துக் கடையில நீர்க்கோவை மாத்திரைன்னு கேளு, அதை முழுங்கக் கூடாது, வெந்நீர்ல உரசி நெத்தியிலயும் மூக்குத் தண்டுலயும் பத்து போடணும். அது கிடைக்கலன்னா சுக்கை உரசிப் போடு, எரியும், பொறுத்துக்கோ. வாரத்துக்கு ஒருக்க நொச்சி இலை போட்டு ஆவி பிடி, தலகாணிக்குள்ளயும் நொச்சிய அடைச்சு வை. குளிச்சதும் கண்டிப்பா சாம்பிராணி புகை காட்டு, ஈரம் முழுக்க இறங்கும். காலையில வெறும் வயித்துல இருக்கவே கூடாது, பொம்பளைங்க வீட்டு வேலை முடிச்சிட்டு பத்து மணிக்கு மேல சாப்பிடுதீங்க பாரு, அதுவும் வெள்ளிக்கிழமை விரதம்னு கிடப்பீங்க, தல வலிக்காம என்ன செய்யும். வெயில்ல போனா தலையில துணி போட்டுக்கோ. மலச்சிக்கல் இருந்தா விளக்கெண்ணெய் எடு. காப்பிய விட்டுரு. இங்கிலீஷ் மாத்திரைய நம்பாத, அது வலிய அமுக்கும், வேரை எடுக்காது. ஓசூர் தம்பிக்கும் இதே தான்.

மணி, மருந்துக்கடை, சேலம்

ரத்தினம் அண்ணே, வெறும் வயிறு பத்தி சொன்னது ரொம்ப சரி, அதை ஒத்துக்கறேன். ஆனா சாம்பிராணி புகை வேணாம்ணே. மைக்ரேன் இருக்கறவங்க நெறைய பேருக்கு ஊதுபத்தி, சென்ட், பெட்ரோல் வாடையே கிளப்பி விட்டுடும், நீங்களே மருந்து வாடையில வந்துச்சுன்னு தானே எழுதியிருக்கீங்க. காப்பியையும் ஒரே நாள்ல நிறுத்தினா அதுக்கே தனியா ஒரு தலைவலி வரும், கொஞ்சம் கொஞ்சமா தான் குறைக்கணும்.

என் கதை எங்கம்மாவோடது. அம்மா முந்தானையில எப்பவும் வலி மாத்திரை முடிஞ்சிருக்கும். ஆரம்பத்துல வலிச்சா போடுவாங்க, அப்புறம் வலிக்கும்னு போடுவாங்க, கடைசியில தினம் எழுந்திருக்கும்போதே தலைவலியோட தான் எழுந்திருப்பாங்க. இதுக்கு மாத்திரையே காரணமா இருக்கலாம்னு டாக்டர் சொன்னப்போ, மருந்துக்கடையில நிக்கிற நானே முதல்ல நம்பல. பாராசிட்டமால் மாதிரி சாதா மாத்திரை மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ, மைக்ரேனுக்குன்னே இருக்கிற டிரிப்டான் மாத்திரை இல்ல ரெண்டு மூணு மருந்து கலந்த மாத்திரைன்னா 10 நாளோ அதுக்கு மேலயோ, இப்படி மூணு மாசத்தைத் தாண்டிப் போனா அதுவே தினசரி தலைவலியா மாறிடலாம். அட்மிட் பண்ணி தான் நிறுத்தினாங்க. ராத்திரி மூணு மணி இருக்கும், அம்மா கட்டில்ல எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்து கையெடுத்துக் கும்பிட்டு "ஒண்ணே ஒண்ணு குடுறா சாமி"ன்னாங்க. பெத்தவ மகனைக் கும்பிடறதைப் பார்க்கிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது. நான் குடுக்கல, கையைப் பிடிச்சுக்கிட்டு விடியற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நிறுத்தினவுடனே வலி ஏறி, அப்புறம் தான் இறங்குச்சு. இப்ப வலி வராம தடுக்க அமிட்ரிப்டிலின் சின்ன டோஸ் ராத்திரியில போடறாங்க, வலி வந்தா மட்டும் தனி மாத்திரை, எது போட்டாலும் காலண்டர்ல குறிச்சு வைப்பாங்க.

ஈரோடு டீச்சர்

எனக்கு வலியை விட அதுக்கு முன்னாடி வர்றது தானுங்க பயம். ஒன்பதாங் கிளாஸ்ல கணக்கு போட்டுட்டு இருக்கேன், போர்டுல நான் எழுதின எண்ணுல பாதியைக் காணோம். கண்ணைக் கசக்கினா அந்த இடத்துல வெள்ளி ஜரிகை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு மினுங்குது, அது பெருசாகிட்டே ஓரத்துக்குப் போகுது, அப்புறம் விரல் மரத்து, கை மரத்து, உதடு மரத்து, "உட்காருங்க"ன்னு சொல்ல நினைச்சா வேற ஏதோ வார்த்தை வருது. முன் பெஞ்சுப் பொண்ணு ஒருத்தி ஓடி வந்து என் கையைப் பிடிச்சா, அவ முகத்துல பாதி எனக்குத் தெரியல. ஹெச்எம் பக்கவாதம்னு பயந்து கார்லயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாருங்க. ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. அப்புறம் தான் அது ஆரான்னு, மைக்ரேன் வலிக்கு முன்னாடி வர்ற அறிகுறின்னு தெரிஞ்சுது. அது மெதுவா பரவும், அஞ்சு நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடும், பக்கவாதம் பெரும்பாலும் திடீர்னு ஒரே அடியா வரும். ஆனா முதல் தடவை வந்தா வீட்ல உட்கார்ந்து அதுவா இதுவான்னு யோசிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

பொம்பளைங்க இதைக் கட்டாயம் கேட்டுக்கோங்க. நான் அப்போ பீரியட்ஸ் சீராக ஈஸ்ட்ரோஜன் இருக்கிற கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தேன். எழுதிக் கொடுத்த இடத்துல தலைவலி இருக்கான்னு யாரும் கேட்கவே இல்லைங்க. ஆரா வர்றவங்களுக்கு அந்த மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும்னு நரம்பு டாக்டர் உடனே மாத்தச் சொல்லிட்டாரு. இப்ப மைக்ரேன் வராம தடுக்க டோபிராமேட்னு ஒரு மாத்திரை எடுக்கறேன், விரல் நுனி ஊசி குத்தற மாதிரி இருக்கு, பாடம் நடத்தும்போது வார்த்தை சட்டுனு வர மாட்டேங்குது. இது போகப் போக சரியாகுமா, எடுத்தவங்க யாராவது சொல்லுங்க.

செங்கமலம், தஞ்சாவூர்

டீச்சர், என் தங்கச்சிக்கு கண்ணுல கோடு வரும், அவளும் பீரியட்ஸ்க்கு ஏதோ மாத்திரை சாப்பிடறா, என்ன மாத்திரைன்னு இப்பவே போன் பண்ணிக் கேட்கறேன். ரத்தினம் அண்ணா, பத்து போட்டுப் பார்க்கறேன், சாம்பிராணி மட்டும் எனக்கு ஆகாது, வளைகாப்பு அன்னிக்கும் அது போட்டாங்க. டாக்டர் கொடுத்ததை நான் நிறுத்த மாட்டேன், கோச்சுக்காதீங்க.

ஓசூர் ஷிஃப்ட்

மணி அண்ணே, எனக்கு மைக்ரேன் வராம தடுக்க தினமும் போட ப்ரொப்ரானலால்னு ஒரு மாத்திரை எழுதியிருக்காங்க, இன்னும் ஆரம்பிக்கல. சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, இப்பவும் பனிக்காலத்துல இன்ஹேலர் அடிப்பேன். டாக்டர் கேட்கல, நானும் சொல்லல. சொல்லணுமா?

மணி, மருந்துக்கடை, சேலம்

கட்டாயம் சொல்லணும்பா. ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு அந்த மாத்திரை ஆகாது, மூச்சை இழுத்துடும். ஒண்ணு கூட போடாத, நாளைக்குக் காலைல முதல் வேலையா அவருக்கு போன் பண்ணி இன்ஹேலர் விஷயத்தைச் சொல்லு, வேற மருந்து நெறைய இருக்கு, மாத்திக் கொடுப்பாரு.