படம் வரும் பின்னே, பேச்சு வரும் முன்னே: நீங்கள் சந்தித்த ரசிகர்களைப் பற்றி எழுதுங்கள்

இழையைத் தொடங்கியவர், சிம்மக்கல்

மதுரையில் ஒரு படத்தைப் பற்றிய கருத்து அந்தப் படம் வரும்வரை காத்திருப்பதில்லை. தலைப்பு அறிவிக்கப்பட்ட அன்றே அது ஓடுமா, ஓடாதா என்று முடிதிருத்தும் கடையிலும் டீக்கடையிலும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. 1973இல் எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளிவந்தால் சேலை கட்டிக்கொள்வதாக தி.மு.க. பிரமுகர் மதுரை முத்து சவால் விட்டார் என்ற கதையை இன்றும் சொல்லிச் சிரிக்கிற ஊர் இது. வரப்போகும் படம், மறுபடி எடுக்கப்படும் படம், விருதுப் பட்டியல் ஆகியவற்றைப் பற்றி நீங்கள் நேரில் கேட்ட பேச்சையும், அதைப் பேசிய மனிதரையும் இங்கே எழுதுங்கள். விமர்சனம் வேண்டாம், அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. முதலில் என் அனுபவம்.

2025 ஜனவரி இறுதியில், நான் வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் கடையில் உட்கார்ந்திருந்தேன். ‘பராசக்தி’ என்ற பெயரில் ஒரு புதிய படம் வருகிறது என்ற செய்தி அப்போதுதான் பரவியிருந்தது. பழைய படத்தைத்தான் சிவகார்த்திகேயனை வைத்துத் திரும்ப எடுக்கிறார்கள் என்றும், நீதிமன்றக் காட்சி கட்டாயம் இருக்கும் என்றும் கடைக்காரத் தம்பி உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் நுரையோடு சாய்ந்திருந்த பெரியவருக்கு வயது எண்பது. சவரக்கத்தி கன்னத்தில் இருக்கும்போதே அவர் பேசத் தொடங்கிவிட்டதால் தம்பி பதறிக் கையை எடுக்க வேண்டியதாயிற்று.

1952 தீபாவளிக்குத் தங்கம் தியேட்டர் திறக்கப்பட்டதே ‘பராசக்தி’யோடுதான் என்றும், அப்போது ஏழு வயதான தான் அப்பாவின் மடியில் உட்கார்ந்து அதைப் பார்த்ததாகவும், 2,563 பேர் உட்காரக்கூடிய அந்த அரங்கில் நீதிமன்றக் காட்சியின்போது ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை என்றும் அவர் சொன்னார். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய ஜவுளிக்கடை நிற்பது எல்லோருக்கும் தெரியும். “தாத்தன் பேரைப் பேரனுக்கு வைக்கிறது நம்ம வழக்கந்தான் தம்பி. ஆனா தாத்தன் வீட்டை இடிச்சுப்புட்டுல்ல பேரை வச்சிருக்கீங்க” என்றார். படத்தை எடுத்ததும் தியேட்டரை இடித்ததும் கடைக்காரத் தம்பிதான் என்பது போல அவரை முறைத்தார்.

இரண்டு மாதம் கழித்து அதே கடையில் அவரை மீண்டும் பார்த்தேன். புதிய படம் பழையதன் மறு ஆக்கம் அல்ல, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றியது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆண்டில் அவர் இதே ஊரில் கல்லூரி மாணவர். ஜனவரி 25ஆம் நாள் மாணவர் ஊர்வலத்துக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் இடையே ஏற்பட்ட மோதலில் மதுரையில் பற்றிய தீதான் மாநிலம் முழுவதும் பரவியது. அந்த ஊர்வலத்தில் பின்வரிசையில் நடந்ததாக அவர் சொன்னார். முன்வரிசை என்று சொல்லிக்கொள்ள எண்பது வயதுக்காரரை யார் தடுக்கப்போகிறார்கள்? அவர் பின்வரிசை என்றே சொன்னதால் நான் நம்பினேன். தலைப்பைப் பற்றிய கோபம் போய், மதுரையில் நடந்ததைச் சென்னையில் நடந்ததாகக் காட்டிவிடுவார்களோ என்ற கவலை அவருக்கு வந்துவிட்டிருந்தது.

மேலூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்

நான் எழுதப்போவது என் தவறு ஒன்றைப் பற்றியது. 2021 அக்டோபரில் ‘கூழாங்கல்’ படம் இந்தியாவின் சார்பில் ஆஸ்காருக்குத் தேர்வான செய்தி வந்தபோது எங்கள் வட்டாரமே மகிழ்ந்தது. இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் மதுரைக்காரர்; படம் எடுக்கப்பட்ட அரிட்டாபட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ராட்டர்டாம் விழாவில் அதற்கு டைகர் விருது கிடைத்தபோது இங்கே யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆஸ்கார் என்றதும் நிலைமை மாறிவிட்டது. பள்ளி அறிவிப்புப் பலகையில் நானே என் கைப்பட, ‘ஆஸ்கார் விருதுப் போட்டியின் இறுதிப் பட்டியலில் நம் வட்டாரப் படம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தேன்.

மறுநாள் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஆசிரியர் அறை வாசலில் தயங்கி நின்றான். “ஐயா, நாம அனுப்புறதும் அவங்க எடுத்துக்கிறதும் ஒண்ணுங்களா?” என்று கேட்டான். விசாரித்துப் பார்த்தபோதுதான் எனக்கே முழு நடைமுறையும் புரிந்தது. ஒவ்வொரு நாடும் ஒரே ஒரு படத்தை அனுப்பலாம்; நம் நாட்டில் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வரும் படங்களை முதலில் பதினைந்தாகக் குறைப்பார்கள். அதிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஐந்து படங்களைத்தான் பரிந்துரை பெற்றவை என்று சொல்ல வேண்டும். இந்தியா அனுப்பியவற்றில் ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’ ஆகிய மூன்று மட்டுமே அந்த ஐந்துக்குள் நுழைந்திருக்கின்றன. 1969இல் ‘தெய்வ மகன்’ தொடங்கி இங்கிருந்து போன தமிழ்ப் படம் ஒன்றுகூட நுழைந்ததில்லை. நான் பலகையை அழித்துத் திருத்தி எழுதினேன். டிசம்பரில் பதினைந்து படங்களின் பட்டியல் வந்தபோது அதில் ‘கூழாங்கல்’ இல்லை. திருத்தாமல் விட்டிருந்தால் இரண்டு மாதமாவது எங்கள் பிள்ளைகள் இன்னும் உயரமாக நடந்திருப்பார்களோ என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

அந்த மாணவனின் அப்பத்தா அரிட்டாபட்டிப் பக்கம் ஆடு மேய்ப்பவர். 2023 அக்டோபரில் படம் இணையத்தில் வெளியானதும், அப்போது பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டிருந்த அவன் அதைத் தன் அப்பத்தாவுக்குச் செல்பேசியில் போட்டுக் காட்டியிருக்கிறான். அந்த வாரம் அவன் வீட்டுக்கு நான் போயிருந்தபோது படம் எப்படி இருந்தது என்று அவரிடமே கேட்டேன். குடிகாரத் தகப்பனும் சிறுவனும் கொளுத்தும் வெயிலில் நடந்துகொண்டே இருக்கும் படம் அது. இயக்குநரின் சகோதரி, கணவனால் வீட்டைவிட்டு விரட்டப்பட்டு, கைக்குழந்தையோடு பதின்மூன்று கிலோமீட்டர் நடந்து பிறந்தகம் வந்த நிகழ்விலிருந்து பிறந்த கதை.

வெயிலில் நடப்பதை ஒரு கதை என்று ஒப்புக்கொள்ளவே அப்பத்தா தயாராக இல்லை. தான் தினமும் நடக்கிறேன், எனக்கு யாரும் ஒன்றும் தரவில்லையே என்றார். பிறகு சற்று நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, “ஆனா அந்தப் பய தாகத்துக்குக் கல்லை வாயில அடக்குறான் பாருங்க, அது தெரிஞ்சவன் எடுத்த படம். எச்சில் ஊறும். எல்லாருக்கும் அது தெரியாது” என்றார். விருதுக் குழுக்கள் அந்தப் படத்தைப் பற்றி எழுதியவற்றில் சிலவற்றை நான் படித்திருக்கிறேன். இந்த ஒரு வரிக்கு அவை ஈடாகவில்லை என்பது என் எண்ணம்.

உசிலம்பட்டிக்குத் தினமும் பேருந்தில் போய்வரும் ஒருவர்

2023 ஆகஸ்ட் 24ஆம் நாள் மாலை, ஆரப்பாளையத்திலிருந்து புறப்பட்ட பேருந்தில் கல்லூரி மாணவர்கள் நான்கைந்து பேர் கடும் கோபத்தில் இருந்தார்கள். அன்றுதான் 2021ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளை அறிவித்திருந்தார்கள். ‘ஜெய் பீம்’, ‘கர்ணன்’ இரண்டுக்கும் ஒன்றுமே இல்லை. அவர்களுடைய கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அவர்களில் ஒருவர், ‘கடைசி விவசாயி’ 2022 பிப்ரவரியில்தானே வந்தது, அதற்கு எப்படி 2021இன் விருதைக் கொடுத்தார்கள், இதிலேயே மோசடி இருக்கிறது என்று குரலை உயர்த்தியபோது, படம் திரையரங்குக்கு வந்த தேதியை அல்ல, தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஆண்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்று நான் சொல்ல நேர்ந்தது. அதன் பிறகு செக்கானூரணிவரை என்னோடு யாரும் பேசவில்லை.

முன் இருக்கையில் உரச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு விவசாயி மெல்லத் திரும்பி, சிறந்த தமிழ்ப் படம் எது என்று கேட்டார். ‘கடைசி விவசாயி’ என்றதும், நல்லாண்டிக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். சிறப்புக் குறிப்பு கிடைத்திருக்கிறது என்றேன். எங்கள் பக்கத்துக் காடு கரையில் உழுதுகொண்டிருந்த உண்மையான விவசாயியான நல்லாண்டி, அந்தப் படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துபோனவர். இயக்குநர் மணிகண்டனும் உசிலம்பட்டிக்காரர்தான்.

செத்துக் கிடந்த மயிலைப் புதைத்ததற்காக அந்தக் கிழவர் மீது வழக்குப் போடும் பகுதியைப் பற்றித்தான் விவசாயி அதன் பிறகு முழுவதும் பேசினார். தன் கடலைக் கொல்லையை மயில்கள் கிளறிப் போட்ட கதையைச் சொன்னார். விரட்டத்தான் முடியும், வேறு என்ன செய்ய முடியும் என்றார். மாணவர்கள் செல்பேசியை மடியில் போட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிவிட்டார்கள். இறங்கும்போது அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் எங்கள் யாரிடமும் பதில் இல்லை: “அந்தப் பட்டயத்தை இப்ப யாரு கையில குடுப்பாக?”

சோழவந்தானிலிருந்து

சுருக்கமாக ஒன்று. ‘சூரரைப் போற்று’ படத்தின் நாயகனுக்குச் சோழவந்தானைச் சொந்த ஊராக ஆக்கிவிட்டார்கள். 2022இல் அந்தப் படத்துக்கு ஐந்து தேசிய விருதுகள் கிடைத்த பிறகு, வெளியூர் இளைஞர்கள் இருவர் எங்கள் தெருவுக்கு வந்து நெடுமாறனின் வீடு எது என்று கேட்டார்கள். கதைக்கு அடிப்படையான விமான நிறுவனத்தைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத் கர்நாடகத்தின் கோரூரைச் சேர்ந்தவர் என்று நான் விளக்க முற்பட்டபோது, பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் என்னை முந்திக்கொண்டு, நேராகப் போய் இடது கைப் பக்கம் திரும்புங்கள் என்று வழி காட்டிவிட்டார். அவர்கள் எந்த வீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்களோ தெரியவில்லை.

திருநகரிலிருந்து ஒரு பெண்

2025 ஆகஸ்டில் ‘கேப்டன் பிரபாகரன்’ புதுப்பிக்கப்பட்ட பிரதியாக மீண்டும் திரைக்கு வந்தபோது என் அப்பாவை அழைத்துப் போனேன். 1991 தமிழ்ப் புத்தாண்டுக்கு வெளியான அந்தப் படம் விஜயகாந்தின் நூறாவது படம். அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதால், அரங்க வாசலில் கூடியிருந்த கூட்டம் படம் பார்க்க வந்த கூட்டமாக அல்லாமல் ஆண்டுத் திதிக்கு வந்த பங்காளிகள் கூட்டம் போலத்தான் இருந்தது. அப்பாவுக்குப் பின்னால் காக்கிச் சட்டையோடு ஓர் ஆட்டோ ஓட்டுநர், பன்னிரண்டு வயது மகனோடு நின்றிருந்தார். வரிசை நகராததால் பேச்சு தொடங்கியது.

2024இல் விஜய் நடித்து வந்த படத்தில் விஜயகாந்தைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு திரையில் காட்டியது சரியா என்பதே அவர்களுடைய விவாதமாக இருந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடுதானே செய்தார்கள், முகத்தைப் பார்க்க முடிந்ததே என்பது அப்பாவின் கட்சி. ஓட்டுநர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இந்த மாதிரிப் பழைய படத்தைத் துடைத்துத் திரும்பப் போடுவது வேறு, ஏனென்றால் அதில் உள்ள ஒவ்வோர் உதையும் அவர் உதைத்தது. அங்கே காட்டியதில் அவர் செய்தது ஒன்றுமே இல்லை என்றார். இவ்வளவு தெளிவாக யோசித்தவர், அன்று அரங்கில் அந்த முகம் தோன்றியபோது என்ன செய்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, சற்றுக் கூச்சத்தோடு, “விசில் அடிச்சேன்மா. அடிச்சுட்டு உக்காந்த பெறகுதான் ஒரு மாதிரி ஆயிருச்சு” என்றார்.

படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒலி நின்றுபோனது. வேறு படமாக இருந்தால் நாற்காலி பறந்திருக்கும். அன்றோ ஓட்டுநரும் அவரைப் போன்ற இருபது பேரும் வசனத்தைத் தாங்களே சொல்லிக்கொண்டு படத்தை ஓட்டினார்கள். ஒலி திரும்பி வந்தபோது, இதை ஏன் போட்டீர்கள் என்று ஒருவர் சலித்துக்கொண்டார். ‘ஆட்டமா தேரோட்டமா’ பாட்டுக்கு என் அப்பா எழுந்து நின்றதை நான் வீட்டில் சொல்லவில்லை.

வெளியே வரும்போது அந்தச் சிறுவன், இதற்கு இரண்டாம் பாகம் எடுப்பார்களா என்று கேட்டான். எடுக்கக் கூடாது என்று ஓட்டுநரும் என் அப்பாவும் ஒரே குரலில் சொன்னார்கள். இருவரும் அன்று ஒத்துப்போனது அந்த ஒன்றில் மட்டும்தான்.

இழையைத் தொடங்கியவர், சிம்மக்கல்

சவரக்கடைப் பெரியவர் என்ன ஆனார் என்று இருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். நேற்று அவரைப் பார்த்தேன். ‘பராசக்தி’ 2026 பொங்கலுக்கு வருகிறது என்றதும் தனக்கும் ஒரு சீட்டு எடுத்துவைக்கச் சொன்னார். பகல் காட்சியாக இருக்க வேண்டும். படிக்கட்டு ஏற முடியாததால் கீழ்வரிசையாக இருக்க வேண்டும். கதவுக்கு அருகில் ஓர இருக்கையாக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனைக்கும் முழங்கால் வலிதான் காரணமோ என்று கேட்டேன். மதுரை வராவிட்டால் இடைவேளையில் எழுந்து போவதற்கு வசதியாக இருக்கும் என்றார்.