பின்கட்டு டம்ளரும் பாதி முட்டையும்: வீட்டில் குழந்தைகள் கேட்ட கேள்விகள்

மதுரையிலிருந்து ஒரு தாய்:
பின்கட்டுச் சன்னலில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்படும் டம்ளர் எதற்கென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சென்ற வாரம் என் ஐந்து வயது மகள், பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்குத் தன் வெள்ளி டம்ளரில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். அவர் வாங்காமல் என் முகத்தைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் வாய் திறப்பதற்குள் என் மாமியார், "அவங்க டம்ளர் வெளியில இருக்கு பாப்பா" என்றார். "ஏன் வெளியில இருக்கு?" என்று குழந்தை என்னிடம்தான் கேட்டாள். அன்றிரவே அந்த டம்ளரை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். ஆனாலும் அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னை விடவில்லை.

கோவையிலிருந்து ஒரு தந்தை:
டம்ளரை இரவில் யாருமறியாமல் எடுத்து வைத்தது போதாது, சகோதரி. தேநீர்க் கடையில் சாதி பார்த்துத் தனிக் குவளை வைப்பதைத் தீண்டாமைக்கு எதிரான 1955ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. ஆனால் வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்கக் குழந்தையைத் தவிர வேறு யாரும் இல்லை. என் மகன், துணி தேய்த்துத் தரும் அறுபது வயதுப் பெரியவரை "நீ நாளைக்கு வா" என்றான். அது என் தந்தையின் பேச்சு, நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். ஆகவே முதலில் குழந்தையின் எதிரிலேயே அந்த அக்காவிடம் வருத்தம் தெரிவியுங்கள். உங்கள் மகள் நீட்டிய அதே வெள்ளி டம்ளரில் காப்பி கொடுத்து, உட்கார நாற்காலியும் போடுங்கள். வயதில் மூத்தவர் எவராயினும் "வாங்க, போங்க" என்றே அழைக்கப் பழக்குங்கள். மாமியாரிடம் தனியே பேசுங்கள், ஆனால் குழந்தையின் கேள்விக்கு "பெரியவங்க அப்படித்தான்" என்று மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள்.

திருவாரூரிலிருந்து ஒரு தாய்:
மேலே எழுதியவர் மாமியாரிடம் பேசுவதை எளிதாகச் சொல்லிவிட்டார். என் வீட்டில் தம்பிக்கு முழு முட்டை, அக்காளுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்தது மாமியார் இல்லை, நானேதான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒரு நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சத்துணவுல எல்லாருக்கும் முழு முட்டைதானே தர்றாங்க, இங்க மட்டும் ஏன் பாதி?" என்று கேட்டாள். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, நான்கு வயது மகன் தன் முட்டையைக் கையாலேயே பிட்டு, பெரிய துண்டை அக்காளின் தட்டில் வைத்தான்.